யாருக்கு எத்தனை நிமிடம்? மருத்துவரின் மேசைக்கு முன்னால் சாதி

சில ஆண்டுகளுக்கு முன், நிலுவை ஊதியம் தொடர்பான வழக்குக்காக என் அலுவலகத்துக்கு வந்த தூய்மைப் பணியாளர் ஒருவர், ஊதியச் சீட்டுகளோடு மூன்று வெளிநோயாளர் சீட்டுகளையும் மேசைமீது வைத்தார். எட்டு நாட்களுக்குள் ஒரே மருத்துவமனைக்கு மூன்று முறை சென்று வாங்கியவை அவை. மூன்றிலும் ‘காய்ச்சல்’ என்ற ஒரே சொல். அதன் கீழே அதே மாத்திரைகள். வெப்பநிலை குறிக்கப்படவில்லை. இரத்த அழுத்தம் குறிக்கப்படவில்லை. அவர் என்ன வேலை செய்கிறார் என்ற குறிப்பு எங்கும் இல்லை. ஒன்பதாம் நாள், கண்கள் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்துபோன நிலையில் வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே ஒரு பயிற்சி மருத்துவர் அவரை உட்காரவைத்து, “என்ன வேலைம்மா பாக்குறீங்க?” என்று கேட்டார். தெருக் கால்வாயில் இறங்கிச் சேறு அள்ளும் வேலை என்று தெரிந்ததும் எலிக்காய்ச்சலுக்கான பரிசோதனைக்கு அனுப்பினார். நோய் உறுதியானது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டுச் சில வாரங்கள் டயாலிசிஸ் செய்துகொண்ட பிறகே அவர் உயிர் பிழைத்தார்.

“அந்த டாக்டரு என்னைத் திட்டலம்மா. வெளிய போன்னும் சொல்லல. ஆனா மூணு தடவையும் தலையத் தூக்கிப் பாக்கல. எனக்கு முன்னாடி போன ஊர்க்காரரை உக்கார வெச்சு அஞ்சு நிமிசம் பேசினாரு. என்னை நிக்க வெச்சே எழுதிக் குடுத்துட்டாரு. இதுக்கெல்லாம் கேஸ் போட முடியாதா?” என்று கேட்டார்.

முடியாது என்றுதான் சொன்னேன். சிகிச்சை மறுக்கப்படவில்லை, சாதிப் பெயர் சொல்லப்படவில்லை, எந்தப் பிரிவின் கீழ் புகார் எழுதுவது என்று கேட்டு, ஊதிய வழக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் சொன்னது தவறு. எங்கே தவறினேன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கேள்வியின் விலை

மருத்துவர் நோயாளியோடு செலவிடும் நேரத்தை மரியாதை சார்ந்த விஷயமாக மட்டுமே நாம் பார்க்கப் பழகியிருக்கிறோம். முகம் கொடுத்துப் பேசினாரா, சிரித்தாரா என்பதோடு அது முடிந்துவிடுவதாக நினைக்கிறோம். மருத்துவ அறிவியல் அப்படிப் பார்ப்பதில்லை. நோயைக் கண்டறிவதற்கான முதல் கருவி ஸ்டெதஸ்கோப்பும் ஸ்கேனும் அல்ல. நோயாளி சொல்லும் வரலாறுதான். பிரிட்டனில் 1975ஆம் ஆண்டு வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வொன்றில், புதிதாக வந்த 80 வெளிநோயாளிகளில் 66 பேருக்கு, நோய் வரலாற்றைக் கொண்டே சரியான முடிவுக்கு வர முடிந்தது தெரியவந்தது. எப்போது தொடங்கியது, வலி எங்கே, என்ன வேலை, எங்கே குடியிருப்பு, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்ற கேள்விகளுக்கு நேரம் வேண்டும். நேரம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது இந்தக் கேள்விகளே.

எலிக்காய்ச்சல் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. எலி உள்ளிட்ட விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் தோலிலுள்ள வெடிப்பு, காயம் வழியாக உடலுக்குள் நோய்க்கிருமியைக் கொண்டு செல்கின்றன. தொடக்கத்தில் அது சாதாரணக் காய்ச்சலைப் போலவே இருக்கும். கெண்டைக்கால் தசைவலி, கண் சிவத்தல் போன்ற அடையாளங்களைக் கேட்டும் பார்த்தும்தான் அறிய முடியும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் மலிவான நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளே போதும். தவறவிட்டால் கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். சேற்றிலும் சாக்கடையிலும் இறங்குவோர், வயலில் நாற்று நடுவோர், கால்நடை பராமரிப்போர் ஆகியோருக்கே இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம். சாக்கடையில் இறங்குவோர் யார் என்பதை இந்த நாட்டில் தொழில் மட்டும் தீர்மானிப்பதில்லை. சாதியும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஆக, ‘என்ன வேலை?’ என்ற கேள்வி கேட்கப்படாமல் போவதால் அதிகம் இழப்பவர்கள், சாதி எவர்மீது அந்த வேலையைச் சுமத்தியதோ அவர்களே.

பிரிட்டன் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரையில் இந்த முரணுக்கு ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’ என்று பெயர் சூட்டினார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களிடையே பணியாற்றியவர் அவர். வர்க்கத்தை வைத்து அவர் சொன்ன விதியோடு சாதியையும் சேர்த்துப் படித்தால்தான் நம் மருத்துவமனைகள் புரியும்.

எண்கள் காட்டுவது என்ன?

2017இல் ‘பிஎம்ஜே ஓப்பன்’ இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு, 67 நாடுகளில் முதல்நிலை மருத்துவர்கள் ஒரு நோயாளிக்குச் செலவிடும் சராசரி நேரத்தை ஒப்பிட்டது. ஸ்வீடனில் 22.5 நிமிடம். வங்கதேசத்தில் 48 நொடி. இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். உலக மக்கள் தொகையில் பாதிப்பேர் வாழும் 18 நாடுகளில் இந்த நேரம் 5 நிமிடத்தைத் தாண்டவில்லை.

இந்த எண்ணைச் சொன்னவுடன் ஒரு பதில் வரும்: “எல்லோருக்கும்தானே இரண்டு நிமிடம்? இதில் சாதி எங்கே வந்தது?” சராசரி என்பது வேறுபாட்டை மறைக்கும் கணக்கு. ஒருவருக்கு ஐந்து நிமிடமும் இன்னொருவருக்கு அரை நிமிடமும் கொடுத்தாலும், சராசரி எல்லோரையும் ஒன்றுபோலக் காட்டும். கேட்க வேண்டியது, அந்த இரண்டு நிமிடம் வரிசையில் நிற்பவர்களிடையே எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதே.

பங்கீடு பற்றிய சான்றுகள் உள்ளன. 2001–02இல் 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் நடத்தப்பட்டு, ‘ஊரக இந்தியாவில் தீண்டாமை’ என்ற தலைப்பில் 2006இல் நூலாக வெளிவந்த ஆய்வு, மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் செல்ல மறுத்ததைப் பதிவு செய்தது. பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் 12 கிராமங்களில் 200 தலித் குழந்தைகளை மையமாக வைத்து மேற்கொண்ட ஆய்வு 2010இல் வெளியானது. மருந்து பெறச் சென்ற தருணங்களில் பத்தில் ஒன்பது முறை அக்குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாகுபாட்டைச் சந்தித்திருந்தனர். அந்த ஆய்வின் சிறப்பு, ‘சிகிச்சை கிடைத்ததா இல்லையா’ என்ற கேள்வியோடு நிற்காததுதான். தொட்டுப் பார்த்தார்களா, எவ்வளவு நேரம் பேசினார்கள், எந்தத் தொனியில் பேசினார்கள், மருந்தைக் கையில் கொடுத்தார்களா என்று பாகுபாட்டின் வடிவங்களைத் தனித்தனியே அது பிரித்துப் பார்த்தது. கதவு திறந்திருந்தாலும் உள்ளே தீண்டாமை இயங்க முடியும் என்பதை அது காட்டியது.

கூட்டம்தான் காரணமா?

அரசு மருத்துவர்களின் தரப்பில் உண்மை இருக்கிறது. காலிப் பணியிடங்கள் நிரப்பப்படாத ஒரு மருத்துவமனையில், காலை நேரத்துக்குள் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்க வேண்டிய ஒரு மருத்துவரிடம் பத்து நிமிடம் கேட்பது நியாயமாகாது. அவர்களும் சுரண்டப்படுகிறார்கள். பணியிடங்களை நிரப்பு என்ற அவர்களது கோரிக்கை நமது கோரிக்கையும்தான்.

ஆனால் பற்றாக்குறை முழு விளக்கம் ஆகாது. மத்தியப் பிரதேசத்தில் ஜிஷ்ணு தாஸ் உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் மேற்கொண்டு 2016இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளைப் போல நடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் மருத்துவர்களிடம் அனுப்பப்பட்டனர். அரசுப் பணியிலும் சொந்த கிளினிக்கிலும் ஒருசேரப் பணியாற்றிய அதே மருத்துவர்கள், சொந்த கிளினிக்கில் கூடுதல் கவனத்தோடு விசாரித்துப் பரிசோதித்தனர். மருத்துவத்தின் தரத்தை அளந்த எல்லா அளவுகோல்களிலும் அங்கே மேலாக இருந்தனர். அறிவும் பயிற்சியும் ஒன்றே. எதிரில் இருப்பவரின் மதிப்பு மட்டுமே மாறியது. அந்த ஆய்வு அளந்தது சாதியை அல்ல, கட்டணம் செலுத்தும் திறனை. என்றாலும் அது ஒன்றைத் தெளிவாக்குகிறது: நோயாளிக்குக் கிடைக்கும் கவனத்தை மருத்துவரின் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. இவருக்கு இவ்வளவு போதும் என்ற கணிப்பும் தீர்மானிக்கிறது.

அந்தக் கணிப்பு உருவாக, மருத்துவர் யாரிடமும் சாதிச் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை. சீட்டில் எழுதப்படும் முகவரி போதும். நம் கிராமங்களில் ஊர் ஒருபுறமும் காலனி மறுபுறமும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ‘காலனி’ என்ற சொல் இழிவின் குறியீடாகவே புழங்குவதால், அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த அறிவிப்பே, முகவரி சாதியைப் பேசுகிறது என்பதற்கான ஒப்புதல். முகவரியோடு உடை, பேச்சு, செய்யும் தொழில், உடன் வந்தவர் யார் என்பனவும் சேர்ந்துகொள்கின்றன. ‘இவர்களுக்குச் சொன்னால் புரியாது’ என்ற முடிவு, நோயாளி வாய் திறப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது.

இந்த மனப்பான்மை மருத்துவக் கல்வி நிலையங்களுக்குள்ளும் உலவுகிறது. டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எதிர்கொண்ட பாகுபாட்டை ஆராய்ந்த சுகதேவ் தோராட் குழு 2007இல் தன் அறிக்கையை அளித்தது. உடன் படிக்கும் மாணவரையே ஒதுக்கிவைக்கும் சூழலில் பயின்று வெளியேறுபவர், நோயாளியிடம் மட்டும் சாதியை மறந்துவிடுவார் என்று எதிர்பார்க்க இடமில்லை.

கைமாறிய வெப்பமானி

அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளாக எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற ஆக்கத்தில், 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’ இதழில் வெளியான ஒரு கடிதத்தை எடுத்தாள்கிறார். கத்தியவார் பகுதியில் ஆசிரியராகப் பணியாற்றிய ஒரு தலித், பிரசவித்த தன் மனைவிக்கு உடல்நிலை மோசமானதால் மருத்துவரை அழைக்கிறார். சேரிக்குள் வர மறுத்த மருத்துவர், அவரை வெளியே கொண்டுவரச் செய்தார். வெப்பமானியைத் தம் கையால் கொடுக்கவில்லை. இடையில் ஒரு இசுலாமியரிடம் கொடுக்க, அவர் கணவரிடமும், கணவர் மனைவியிடமும் கொடுத்து, அதே வழியில் அது திரும்பியது. தொடாமலேயே நிமோனியா என்று சொல்லி, இரண்டு ரூபாய் கட்டணத்தையும் பெற்றுக்கொண்டு மருத்துவர் சென்றார். அப்பெண் இறந்துபோனார்.

கவனியுங்கள்: அங்கே மருத்துவர் வந்தார். சோதித்தார். நோயின் பெயரையும் சொன்னார். ஏட்டளவில் சிகிச்சை ‘வழங்கப்பட்டது’. அந்த மருத்துவத்திலிருந்து கழித்துவிடப்பட்டவை தொடுதலும் கவனமும் நேரமும் மட்டுமே. உயிரைக் காக்கக்கூடியவையும் அவையே. என் அலுவலகத்துக்கு வந்த அம்மாவின் மூன்று சீட்டுகளிலும் கழிக்கப்பட்டிருந்தவை இவைதாம்.

சட்டத்தில் இடம் இருக்கிறதா?

முதலில் தோன்றும் சட்டம் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வடிவில், மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நுழைய விடாமல் தடுப்பது வன்கொடுமை என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்துவதும், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் குற்றம். ஆனால் உள்ளே அனுமதித்து, திட்டாமல், அரை நிமிடத்தில் அனுப்பிவிடுவதை இந்தப் பிரிவுகளுக்குள் கொண்டுவருவது கடினம்.

நுகர்வோர் சட்டமும் ஏழைகளுக்கு உதவுவதில்லை. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று 1995இல் இந்திய மருத்துவக் கழகம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகளுக்கு அது பொருந்தாது என்றும் கூறியது. கட்டணம் செலுத்தியவர் அலட்சியத்துக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இலவச சிகிச்சையை மட்டுமே நம்பியிருப்பவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது.

மீதமிருப்பது நாம் மறந்துவிட்ட ஒரு பழைய சட்டம். 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக இயற்றப்பட்டு, 1976இல் திருத்தப்பட்டுப் பெயர் மாறிய குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். அதன் 5ஆம் பிரிவு இரண்டு பகுதிகளைக் கொண்டது. தீண்டாமையின் பேரில், பொதுமக்களுக்கான மருத்துவமனையிலும் மருந்தகத்திலும் ஒருவரைச் சேர்க்க மறுப்பது முதல் பகுதி. சேர்த்துக்கொண்ட பிறகு அவரிடம் பாகுபாடு காட்டும் எந்தச் செயலும் குற்றம் என்பது இரண்டாம் பகுதி. நான் ‘பிரிவு இல்லை’ என்று சொன்ன நாளில் இந்த இரண்டாம் பகுதியை எண்ணிப் பார்க்கவில்லை.

இதில் இரண்டு கேள்விகள் எழும். வெளிநோயாளியாக வந்தவரை ‘சேர்க்கப்பட்டவர்’ எனக் கொள்ளலாமா? என் வாதம்: கொள்ளலாம். சட்டம் மருத்துவமனையோடு மருந்தகத்தையும் குறிப்பிடுகிறது. மருந்தகத்தில் படுக்கை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே சேர்க்கை என்பதற்கு உள்ளே ஏற்றுக்கொள்ளுதல் என்ற பரந்த பொருளே பொருந்தும். சீட்டுப் பதிந்து கொடுப்பது அப்படி ஏற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி. இதை நீதிமன்றத்தில் நாம் வாதிட்டு நிலைநாட்ட வேண்டும்.

இரண்டாவது, தீண்டாமைதான் காரணம் என்று எப்படி மெய்ப்பிப்பது? இதற்கு 12ஆம் பிரிவு துணை நிற்கிறது. குற்றமாக அமையும் செயல் பட்டியல் சாதியைச் சேர்ந்தவருக்கு எதிராக நிகழ்ந்திருந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, அது தீண்டாமையின் பேரிலேயே நிகழ்ந்ததாக நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். அதாவது மருத்துவரின் மனத்துக்குள் என்ன இருந்தது என்பதை நோயாளி மெய்ப்பிக்கத் தேவையில்லை. வேறுபட்ட நடத்தை நிகழ்ந்தது என்பதை மெய்ப்பித்தால் போதும்.

தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும், 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமும். சிறிய தண்டனைதான். அதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களை, பொதுவாக ஓராண்டுக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றாக வேண்டும். நான் இந்தப் பிரிவை மீண்டும் படித்துத் தெளிந்தபோது அந்த அம்மாவின் ஓராண்டு கடந்துவிட்டிருந்தது.

பதிவே ஆயுதம்

இந்தப் பாகுபாடு நிலைத்திருப்பதற்குக் காரணம் அது சுவடு விடாததே. ஆகவே சுவட்டை நாம் உருவாக்க வேண்டும்.

வெளிநோயாளர் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதைப் படம் எடுத்து வையுங்கள். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், உட்காரச் சொன்னார்களா, தொட்டுப் பார்த்தார்களா, என்ன கேட்டார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். எழுத இயலாதவருக்கு உடன் செல்பவர் எழுதலாம். கைப்பேசியில் குரல் பதிவாகச் சொல்லி வைத்தாலும் போதும்.

மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை நெறிமுறை. அரசு மருத்துவமனையாக இருந்தால், அன்று பணியில் எத்தனை மருத்துவர்கள் இருந்தனர், எத்தனை பேரைப் பார்த்தனர் என்ற விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

ஒருவரது அனுபவம் மனக்குறையாகத் தள்ளப்படும். ஐம்பது பேரின் சீட்டுகள் ஒரு போக்கைக் காட்டும். ஊர்ப் பகுதியிலிருந்தும் காலனிப் பகுதியிலிருந்தும் ஒரே உபாதைக்குச் சென்றவர்களின் சீட்டுகளை அருகருகே வைத்தால், ஒன்றில் இரத்த அழுத்தம், சர்க்கரை, பரிசோதனைக்கான பரிந்துரை எனக் குறிப்புகள் நிறைந்திருப்பதும், இன்னொன்றில் மாத்திரைப் பெயர்கள் மட்டும் இருப்பதும் கண்ணுக்குத் தெரியும். ஒரு தூய்மைப் பணியாளர் சங்கமோ மகளிர் குழுவோ மூன்று மாதம் இதைச் செய்தால், மாநில, தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையங்களின் முன் வைக்கத்தக்க ஆவணம் கிடைத்துவிடும். நோயாளியின் சம்மதமின்றி எவரது சீட்டையும் பொதுவில் வெளியிடக் கூடாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. சாதி உள்ளிட்ட எந்த அடிப்படையிலும் பாகுபாடு இல்லாத சிகிச்சையை, தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம் உரிமையாக வகுத்திருக்கிறது. சாசனம் சுவரில் தொங்கினால் போதாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநல சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்று சட்ட வாசகமாகவே எழுதியிருக்கிறது. மனநோய்க்கு எழுத முடிந்ததைக் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் எழுத முடியாதா? ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் பாகுபாட்டுப் புகாரை விசாரிக்கும் அலுவலர், தொழிலைக் கேட்டுப் பதியும் கட்டம் அச்சிட்ட வெளிநோயாளர் சீட்டு, கலந்தாய்வு நேரம் பற்றிய ஆண்டுத் தணிக்கை, மருத்துவப் பாடத்திட்டத்தில் சாதி குறித்த கல்வி, காலிப் பணியிடங்களை நிரப்புதல் ஆகியவை நமது உடனடிக் கோரிக்கைகள்.

இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும்போது அவர்களது சராசரி வயது, ஆதிக்கச் சாதிப் பெண்களின் சராசரியைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. வறுமை, ஊட்டச்சத்தின்மை, கழிப்பிடமின்மை, ஆபத்தான வேலை எனப் பல காரணங்கள் அந்த ஆண்டுகளைத் தின்கின்றன. மருத்துவரின் மேசைக்கு முன்னால் மறுக்கப்பட்ட நிமிடங்களும் அவற்றில் அடங்கும்.

அந்த அம்மா நிலுவை ஊதிய வழக்கில் வென்றார். மாதந்தோறும் சிறுநீரகப் பரிசோதனைக்குச் செல்கிறார். இப்போது மருத்துவர் கேட்காவிட்டாலும், “நான் கால்வாய் வேலை பாக்குறவ, எழுதிக்குங்க” என்று தானாகவே சொல்லிவிடுகிறார். எழுதி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை.